கேம்பர் வேனிலிருந்து பிக்கப் கேம்பருக்கு: வடசென்னையில் மாறுகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

டெம்போ டிராவலரையோ அதுபோன்ற வேனையோ கேம்பராக்கி, அதாவது நடமாடும் வீடாக்கி, ஓட்டுகிறவர்கள் பிக்கப்புக்கு மாற நினைப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். வேனில் வண்டியும் வீடும் ஒரே உடம்பு. இன்ஜின் வேலைக்கு விட்டால் படுக்கை, அடுப்பு எல்லாம் ஒர்க்‌ஷாப்பிலேயே நிற்கும். பிக்கப்பின் பின்தொட்டியில் ஏற்றி இறக்கும், படுக்கையும் அடுப்பும் உள்ள கூண்டு என்றால், அதை ஷெட்டில் இறக்கிவிட்டு வண்டியை அன்றாட வேலைக்கு எடுக்கலாம். வண்டி தேய்ந்துபோனால் கூண்டை அடுத்த வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இழப்பதும் உண்டு. ஓட்டுநர் சீட்டிலிருந்து எழுந்து நேராகப் படுக்கைக்குப் போக முடியாது. ஐப்பசி மழையிலும் கீழே இறங்கிச் சுற்றி வந்துதான் ஏற வேண்டும். ஓடும்போது கூண்டுக்குள் யாரும் இருக்கக் கூடாது, அதனால் கேபினில் எத்தனை சீட்டோ அத்தனை பேருக்குத்தான் பயணம். பிள்ளைகளோடு நான்கைந்து பேராகப் போகிற குடும்பம் வேனை வைத்துக்கொள்வதே நல்லது. இருவராகப் போகிறவர்களுக்கும், வாரநாளில் வண்டியை வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இந்த மாற்றம் உண்மையிலேயே பலன் தரும்.

இந்த வேலையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது எடை. டிராவலர், ஆட்களை நிறைய ஏற்றக் கட்டிய வண்டி. உள்ளே 200 கிலோ கூடினாலும் ஓட்டுகிறவருக்கு அவ்வளவாகத் தெரியாது. அதே 200 கிலோ பிக்கப்பின் பின் அச்சுக்குப் பின்னால் உட்கார்ந்தால், முன் சக்கரம் தரையில் சரியாக அழுந்தாமல் ஸ்டியரிங் லேசாகிவிடும். அதனால் படம் வரைவதற்கு முன்பே எடை மேடைக்குப் போங்கள்.

வேனை எடை போடுவது

இதில் வடசென்னைக்காரர்களுக்குப் பெரிய வசதி உண்டு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டிகளுக்காக மணலி, எண்ணூர் விரைவுச் சாலை, மாதவரம், செங்குன்றம் பக்கமெல்லாம் எடை மேடைகள் இருக்கின்றன. பயணத்துக்குக் கிளம்புவதுபோல் தண்ணீர், கேஸ், துணிமணி, பாத்திரம் எல்லாம் ஏற்றி ஒருமுறை எடை போட்டுச் சீட்டு வாங்குங்கள். பிறகு எல்லாவற்றையும் இறக்கி இன்னொருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் இதுவரை அறியாமல் சுமந்துகொண்டிருந்த பாரம்.

இறக்கும்போது ஒவ்வொரு சாமானையும் 50 கிலோ தொங்கு தராசில் போட்டு நோட்டில் எழுதுங்கள். 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி ஒன்றே 50 கிலோவைத் தாண்டும், அதற்கு மட்டும் பெரிய தராசு வேண்டும். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியோ 12 கிலோ அளவில் முடிந்துவிடும். வேனிலிருந்து எதைக் கொண்டுபோகலாம், எதை விற்றுவிடலாம் என்பதை அந்த நோட்டு சொல்லும். பொதுவாக ஃபிரிட்ஜ், சோலார் தகடு, விளக்கு, பம்பு வரும், அலமாரி வராது. வேனின் சுவர் வளைவுக்கேற்ப அறுத்த 18 மி.மீ. பிளைவுட் நேர்ச்சுவரில் பொருந்தாது. அதோடு 8க்கு 4 பலகை ஒன்று 37 கிலோ வரை இழுக்கும்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது

இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற இரட்டைக் கேபின் வண்டிகளைத்தான் முதலில் எல்லோரும் பார்ப்பார்கள். சொகுசு, நான்கு சக்கர இழுவை, சொந்த உபயோகப் பதிவு எல்லாம் சரி. ஆனால் பின்தொட்டி சுமார் 1.5 மீட்டர் நீளம்தான், அதில் படுத்துத் தூங்கும் கூண்டு அடங்காது. மஹிந்திரா பொலேரோ பிக்கப், டாடா யோதா போன்ற ஒற்றைக் கேபின் சரக்கு வண்டிகளில் 8 அடி முதல் 10 அடி வரை நீளமுள்ள தொட்டி கிடைக்கும், ஒரு டன்னுக்கு மேல் சுமக்கும். கூண்டு கட்ட இதுவே ஏற்றது என்பது எங்கள் கருத்து.

சரக்கு வண்டி என்றால் மஞ்சள் போர்டு. முதல் 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். அன்றைக்குக் கூண்டை இறக்கிவிட்டு வெறும் தொட்டியோடு போகலாம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. ஓட்டுநர் உரிமத்துக்கும் பயப்பட வேண்டாம்: 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியைச் சாதாரண இலகுரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

விளம்பரத்தில் போடும் பாரத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருக்கும் லேடன் எடையிலிருந்து, அதாவது சுமையோடு சேர்ந்த எடையிலிருந்து, அன்லேடன் எடையை, அதாவது வெறும் வண்டியின் எடையை, கழியுங்கள். உதாரணத்துக்கு அந்த வித்தியாசம் 1,150 கிலோ என்று வையுங்கள். இருவர் 150, தண்ணீர் 60, சின்ன கேஸ் சிலிண்டர் 12, பேட்டரி இரண்டு 25, சோலார் 25, ஃபிரிட்ஜ் 20, துணி பாத்திரம் மளிகை 80, ஸ்பேர் டயரும் டூல்ஸும் 30. இதுவே 400 கிலோவைத் தொட்டுவிடும். மீதி 750. அதில் 170 கிலோவைத் தொடாமல் ஒதுக்குங்கள், ஏனென்றால் பயணத்தில் சாமான் கூடுமே தவிரக் குறையாது. கூண்டு, உள் அலமாரி, கதவு, ஜன்னல், கூண்டைத் தூக்கும் ஜாக்கி எல்லாம் சேர்ந்து 580 கிலோவுக்குள் முடிய வேண்டும்.

இந்த இடத்தில் பட்டறையில் ஒரு யோசனை சொல்வார்கள்: பின்னால் ஒரு கமான் பட்டை சேர்த்தால் போதும், எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று. கமான் கூடினால் வண்டி தாழாது, அவ்வளவுதான். பிரேக், அச்சு, வீல் பேரிங், டயர் எல்லாம் பழைய அளவிலேயே இருக்கின்றன, ஆர்.சி.யில் உள்ள எண்ணும் மாறாது. அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் சேரும்.

சட்டம் கூண்டின் வடிவத்தைச் சொல்கிறது

அமெரிக்கக் கேம்பர் படங்களில் படுக்கை கேபினின் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க ஆசையாக இருக்கும், இங்கே அதைக் கட்டாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதி 93-இன்படி, சுமை என்பது தொட்டியின் முன் விளிம்பைத் தாண்டி முன்னாலும், பக்கவாட்டிலும், பின்னாலும் நீளக் கூடாது. மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், அதோடு அங்கேயே சுமையை இறக்கும் செலவு. ஆகவே கூண்டு தொட்டிக்குள் அடங்க வேண்டும், பின்கதவு மூட வேண்டும்.

தொட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) நேராகக் கூண்டைப் பொருத்துவது வேறு விஷயம். 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நிரந்தர வீடாக வேண்டுமென்றால் மோட்டார் கேரவன்களுக்கான ஏஐஎஸ் 124 தரத்தில் ஒப்புதல் பெற்ற கட்டுநரிடம் போய், மோட்டார் கேரவனாகவே பதிவு செய்யுங்கள். கழற்றி மாட்டும் கூண்டுதான் என்றால், கட்டுவதற்கு முன்பே அளவுகளோடு ஒரு படம் வரைந்து உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பதிலின் நகல் வண்டியிலேயே இருக்கட்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கூண்டின் மதிப்பை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

உயரம்

தரையிலிருந்து தொட்டித்தளம் சுமார் 85 செ.மீ. கூண்டின் உயரம் 1.9 மீட்டர் என்றால் 2.75 ஆகிறது, மேலே சோலார், காற்றுப்போக்கி சேர்ந்தால் 2.9 மீட்டர். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, ஸ்டான்லி, மாணிக்கம் நகர் என்று ரயில் பாதைக்குக் கீழே போகும் சுரங்கப்பாதைகளைத் தினமும் கடக்கிறவர்கள் உயரப் பலகையில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டுக் கூண்டின் உயரத்தை முடிவு செய்யுங்கள். பலகை எழுதிய பிறகு தார் மேலேறியிருக்கலாம், 20 செ.மீ. இடைவெளி விடுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் கேபிள் ஒயர் அதைவிடத் தாழ்வாகத் தொங்கும். முடிந்த உயரத்தை எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டி வையுங்கள்.

கூண்டு கட்டுவது

இரும்புச் சட்டம், அதன்மேல் பிளைவுட், அதன்மேல் தகடு என்பதுதான் லாரி பாடி கட்டும் பட்டறைகளின் பழக்கம். 2.4 மீட்டர் நீளம், 1.6 அகலம், 1.9 உயரமுள்ள கூண்டுக்குச் சுற்றுப்பரப்பு சுமார் 23 சதுர மீட்டர். 18 மி.மீ. பிளைவுட் மட்டுமே 290 கிலோ, 25 மி.மீ. சதுரக் குழாய் 70 மீட்டர் போனால் இன்னும் 80 கிலோ. தகடு போடுவதற்கு முன்பே 370 கிலோ. எண்ணூர்க் காற்றில் வெல்டிங் வைத்த இடங்கள் முதலில் துருப்பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நல்ல வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டுகிற, பழுதுபார்க்கிற கைகள் உப்புக்காற்றில் நிற்கும் சுவரை உங்களுக்கு இழைத்துத் தரும். நடுவில் 25 மி.மீ. பியு (பாலியூரித்தேன்) ஃபோம், வெளியே சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழை மேட் மூன்று அடுக்கு, உள்ளே இரண்டு அடுக்கு. சதுர மீட்டருக்கு 9 கிலோ, மொத்தம் 205 கிலோ அளவில் முடியும். மேட் 52 கிலோ, அதில் பூசும் ரெசின் (பிசின்) 130 கிலோ, வீணாவதற்குப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். படகுக்கு அலை மோதும், அதனால் அவர்கள் கை இயல்பாகவே தடிமனாகப் போடும். எத்தனை அடுக்கு என்பதை எழுதிக் கொடுத்து, ரெசின் டப்பாவை எடைபோட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் கூண்டு 300 கிலோவுக்குப் போய்விடும்.

ஃபோம் வாங்கும்போது கவனம் வேண்டும். பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன், தெர்மாகோலையும் எக்ஸ்.பி.எஸ். என்ற அடர்த்தியான தெர்மாகோல் வகைப் பலகையையும் கரைத்துவிடும். பூசிய அரை மணி நேரத்தில் சுவருக்குள் குழி விழும், வெளியிலிருந்து தெரியாது. எக்ஸ்.பி.எஸ்.தான் கிடைத்தது என்றால் எபாக்சி ரெசினுக்கு மாறுங்கள், விலை கூடும். ரெசினைக் கெட்டியாக்கும் கேட்டலிஸ்ட்டின் அளவு சித்திரை வெயிலில் 1 சதவீதம் போதும். கூட்டினால் டப்பாவிலேயே புகைந்து கெட்டியாகும். கேட்டலிஸ்ட்டையும், கெட்டியாவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் எந்தக் காரணத்துக்கும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். மாசியிலிருந்து ஆனிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் பூசிய ரெசின் பிசுபிசுப்பு போகாமல் நிற்கும்.

கீல், தாழ்ப்பாள், கட்டும் வளையம், அலமாரி எங்கெல்லாம் வருமோ அங்கெல்லாம் ஃபோமை வெட்டி எடுத்து 12 மி.மீ. மரைன் பிளைவுட் துண்டைப் பதித்த பிறகு மேட் போட வேண்டும். இதை மறந்தால் ஸ்க்ரூ ஃபோமில் பிடிக்காமல் இரண்டாவது மாதமே கழன்று வரும். போல்ட், ஸ்க்ரூ எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ். 304 கடலோரத்தில் பழுப்புக் கறை விடும். அலுமினியச் சட்டத்தில் ஸ்டீல் போல்ட் நேராகத் தொடும் இடத்தில் நைலான் வாஷர் போடாவிட்டால் அலுமினியம் மாவாகிக் கொட்டும். ஜன்னலுக்குச் சாதாரண சிலிக்கான் வேண்டாம், பியூட்டைல் டேப் போட்டு ஓரத்தில் பியு சீலன்ட். கூரை வெள்ளையாகவே இருக்கட்டும். பக்கிங்காம் கால்வாய்க் கொசுவை நினைத்து எல்லாத் திறப்புக்கும் நெருக்கமான வலை போடுங்கள். பெரிய ஜன்னலை, வண்டியை நிறுத்தும்போது கிழக்கே பார்க்கும் பக்கத்தில் வைத்தால் பிற்பகல் கடற்காற்று உள்ளே வரும்.

எடை எங்கே உட்கார்கிறது

கூண்டின் மையம் பின் அச்சுக்குச் சற்று முன்னால், 5 முதல் 15 செ.மீ. வரை இருக்க வேண்டும். இதை எடை மேடையிலேயே கண்டுபிடிக்கலாம். வெறும் வண்டியின் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடை எடுங்கள். கூண்டை ஏற்றிய பிறகு அதேபோல் மீண்டும். முன் அச்சில் எத்தனை கிலோ கூடியதோ அதை வீல்பேஸால் (முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தால்) பெருக்கி, கூண்டின் எடையால் வகுத்தால், மையம் பின் அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று வரும். வீல்பேஸ் 3,000 மி.மீ., சாமானோடு கூண்டு 600 கிலோ, முன்னால் கூடியது 30 கிலோ என்றால் 150 மி.மீ. முன்னால் எடை குறைந்திருந்தால் மையம் அச்சைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது என்று பொருள். அந்த நிலையில் ஓட்டவே கூடாது. பெரிய எடை மேடைகள் 10 கிலோ படியில்தான் காட்டும். இந்தக் கணக்கில் 10 கிலோ என்பது 5 செ.மீ., எனவே இரண்டு மூன்று முறை எடுத்துப் பாருங்கள்.

மையத்தை முன்னுக்குத் தள்ள எளிய வழி தண்ணீரும் பேட்டரியும். தண்ணீர்த் தொட்டி கட்டாமல், தெருவுக்குத் தெரு கிடைக்கும் 20 லிட்டர் கேன் மூன்றை முன்சுவரோரம் தரைமட்டத்தில் வையுங்கள். நிரப்பும் வேலையும் இல்லை, பாசியும் பிடிக்காது.

கட்டுவது, இறக்குவது

தொட்டித்தளத்தில் 8 மி.மீ. பழைய கன்வேயர் பெல்ட் விரித்தால் கூண்டு வழுக்காது. முன்சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே கட்டை ஒன்று முட்டுக்கொடுக்க வேண்டும், பிரேக் அடிக்கும்போது கூண்டு முன்னால்தான் பாயும். நான்கு மூலையிலும் 12 மி.மீ. டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் கட்டு). இவற்றைத் தொட்டியின் தகட்டில் மாட்டினால் தகடு கிழியும். சேஸிஸில் யு போல்ட்டால் பிடித்த பிராக்கெட்டில் மாட்டுங்கள். சேஸிஸில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். டர்ன்பக்கிளோடு கனமான ஸ்பிரிங் ஒன்று சேர்க்க வேண்டும். பள்ளத்தில் சேஸிஸ் முறுகும்போது ஃபைபர் மூலை வெடிக்காமல் அது காப்பாற்றும்.

இறக்கும் வரிசை: முதலில் மின் பிளக்கைக் கழற்றுங்கள், மறந்து வண்டியை நகர்த்தி ஒயரைப் பிய்ப்பதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. பிறகு டர்ன்பக்கிள். நான்கு ஜாக்கிக்கும் அடியில் 30 செ.மீ. சதுரப் பலகை. ஒவ்வொரு ஜாக்கியையும் 5 செ.மீ. வீதம் சுற்றிச்சுற்றி ஏற்றுங்கள், ஒன்றை மட்டும் ஏற்றினால் அந்த மூலையும் எதிர் மூலையும் மட்டுமே மொத்தச் சுமையையும் வாங்கும். வண்டியை நேராக வெளியே எடுத்ததும் கூண்டை முடிந்தவரை தாழ்த்தி மரக்கட்டைமேல் உட்காரவையுங்கள். உயர்த்திய ஜாக்கிமேல் நிற்கும் கூண்டுக்குள் ஏறக் கூடாது. ஷெட்டில் ஒரு டன் செயின் பிளாக் இரண்டு இருந்தால் ஜாக்கியின் 60 கிலோவையும் மிச்சப்படுத்தலாம், ஆனால் வழியில் எங்கும் இறக்க முடியாது.

மின்சாரம், கேஸ்

பி.எஸ். 6 மாசு விதிப்படி வந்த பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) வோல்டேஜை ஏற்றி இறக்கும், அதனால் நேரடி இணைப்பில் லித்தியம் பேட்டரி சரியாக நிரம்பாது. வோல்டேஜைச் சீராக்கித் தரும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். வண்டி பேட்டரியிலிருந்து கூண்டு வரை 6 மீட்டர் ஒயர் என்றால், 4 சதுர மி.மீ. ஒயரில் 1.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 0.4 வோல்ட்தான். ஃபியூஸ் வண்டி பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் உரசிய ஒயர் தீப்பிடிக்கும். இணைப்புக்கு 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக். பின்விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எதையும் கூண்டு மறைக்கக் கூடாது.

வீட்டுச் சிலிண்டரை ஏற்றாதீர்கள், 5 கிலோ சிலிண்டர் போதும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் அறைக்கு அடியில் வெளியே போகும் துளை கட்டாயம்.

முதல் ஓட்டம்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய் வாருங்கள். பள்ளம், மேம்பாலம், கடற்காற்று எல்லாம் அந்த வழியில் கிடைக்கும். 20 கிலோமீட்டரில் ஒருமுறை நின்று டர்ன்பக்கிளை இறுக்குங்கள். 100 கிலோமீட்டரில் மீண்டும். புதுக் கூண்டு உட்கார்ந்து படியும்போது கட்டு தளரும். திரும்பியதும் சேஸிஸின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அத்திப்பட்டு பக்கம் சோலார் தகட்டில் படியும் சாம்பலைத் துணியால் துடைத்தால் கண்ணாடி கீறும், தண்ணீர் ஊற்றித்தான் கழுவ வேண்டும்.

பழைய வேன்

சீட்டைக் கழற்றி ஆர்.சி.யில் ஏற்றாமலே ஓட்டியிருந்தால், சீட்டைத் திரும்பப் பொருத்திவிட்டு விற்பனைக்குக் காட்டுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 கட்டாயம். வண்டிமேல் கடன் இருந்தால், அதை நீக்கப் படிவம் 35. ஆந்திரப் பக்கம் போகிற வண்டி என்றால், தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. பெயர் மாறும்வரை சாவியோடு ஆவணம் எதையும் முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள், அதற்குள் விபத்து நடந்தால் பொறுப்பு உங்கள் தலையில் வரும்.

மழைக்காலத்தில் கூண்டு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் தாழ்வான தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. ஃபைபர் கூண்டு வைத்திருப்பவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்: 420 கிலோ எடையும் 3.84 சதுர மீட்டர் அடித்தளமும் உள்ள மூடிய பெட்டி, தன் அடித்தளத்துக்கு மேல் 11 செ.மீ. தண்ணீர் ஏறினாலே மிதக்கத் தொடங்கும். கட்டையிலிருந்து நழுவி ஒருபக்கம் சாய்ந்தால் மூலை உடையும், பக்கத்து வீட்டுச் சுவரிலும் மோதும். ஷெட்டின் கான்கிரீட் தரையில் நான்கு வளையம் பதித்துச் சங்கிலி போட்டு வையுங்கள். அந்த வசதி இல்லாத இடம் என்றால், ஐப்பசி பிறந்ததிலிருந்து மார்கழி முடியும்வரை கூண்டை வண்டியிலிருந்து இறக்காதீர்கள்.